கூரை நமதானால் ஊர் நமது
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலாக்கா பட்டணத்திலிருந்து ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ போகும்போது நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். செம்பனைக்கு நடுவே பாழடைந்த லயங்கள், துருப்பிடித்த தகரம், லாலான் மண்டிய பெரட்டுக் களம். என்றோ ஒரு தாய் வாசலில் நட்ட முருங்கை மட்டும் நிற்கிறது.

நமது மாநிலம் சாமானியமானதா? ரப்பர்த் தொழிலின் தொட்டில் அல்லவா இது! 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதன் பின் காடு தோட்டமாயிற்று, தோட்டம் ஊராயிற்று. அந்த ஊர்கள் ஏன் பாழாயின?

தலையெழுத்து என்கிறார்கள் சிலர். இல்லை, தோழர்களே! 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது. அதன் பின் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. இவை வேலையைப் பறித்தன. வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஊரே போனதற்குக் காரணம் வேறு: நாம் குடியிருந்த கூரை கம்பெனியுடையது. வேலை முடிந்த அன்றே வீடும் முடிந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்தியாவில் கோலார் தங்க வயலைப் பாருங்கள். அங்கும் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. 1902லேயே மின்விளக்கு எரிந்த ஊர் அது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த கம்பெனி வீட்டுக்கு உரிமை கேட்டு அலைய வேண்டியதாயிற்று.

நமது பட்டணத்திலும் இதே கதைதான். பழைய கடைவீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1997இல் அதை ரத்துச் செய்யும் சட்டம் வந்தது. 1999 முடிவோடு கட்டுப்பாடு நீங்கிற்று. வாடகை ஏறியது; பழைய குடும்பங்களும் கைத்தொழிலாளரும் வெளியேறினர். 2008இல் அந்தத் தெருக்கள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. கட்டடத்துக்குப் பெருமை வந்தது, குடியிருந்தவர்களைக் காணோம்!

ஆனால் அதே பட்டணத்தில், பொற்கொல்லர் தெருவில், பொய்யாத விநாயகர் கோயில் நிற்கிறது. 1781இல், டச்சுக்காரர் காலத்தில், மலாக்கா செட்டிமார் எழுப்பியது. ஆட்சிகள் மாறின, கோயில் அசையவில்லை. ஏன்? நிலம் அந்தச் சமூகத்துடையது. கம்பெனி நிலத்தில் நாம் கட்டிய எத்தனை மாரியம்மன் கோயில்களை நாமே கண்ணீரோடு இடம் பெயர்த்தோம்! இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பக்தியில் இல்லை, பட்டாவில் இருக்கிறது.

ஆகவே, தோட்டம் கைமாறிய பிறகு கொடி பிடிப்பதில் பயன் இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். நமது மனு அந்த மேசைக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். குடும்பம் எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், கோயிலும் சுடுகாடும் எங்கே என்று ஒவ்வொரு கிளையும் இன்றே கணக்கெடுக்கட்டும். கணக்கு எழுதத் தெரிந்த கிராணிமார்கள் இதில் பால்வெட்டுத் தோழர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

இது முடியுமா என்று கேட்பீர்கள். 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் இதையே கேட்டார்கள். தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தினான். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தாயிற்று.

பாழடைந்த லயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது போதும். இன்னும் விளக்கெரியும் லயங்கள் இருக்கின்றன. விளக்கு அணைவதற்கு முன் அங்கே வாழ்பவர்களுக்குச் சொந்தக் கூரை கேட்போம். ஒன்றுபட்டுக் கேட்போம்.