கற்ற மொழியும் முதல் வேலையும்



சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், கோட்டையைத் தலையில் தாங்கிய பாறைக் குன்று ஒன்று கண்ணிற்படும். அதுவே தியாகதுருகம், என் ஊர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அக்கோட்டைக்காகப் போரிட்டனர். இளமையில் அக்குன்றின் மீது ஏறி விளையாடிய எனக்கு, பிரெஞ்சு மொழியே ஒருநாள் சோறு போடும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் நான் நகைத்திருப்பேன்.

கல்லூரியில் பிரெஞ்சு பயின்றுவிட்டு, "இதனால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் மாணவர் இன்று பலர். அவர்களுக்கு என் அனுபவத்தையே விடையாகக் கூற விரும்புகிறேன்.

உண்மையை மறைப்பானேன்? நான் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தது மொழிப்பற்றினால் அன்று. மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று பிறர் சொன்னதனால்தான். மதிப்பெண்ணும் குறைவின்றிக் கிடைத்தது. வணிகவியல் பட்டமும் பெற்று, அவ்விரண்டையும் நம்பிச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் பிரெஞ்சிலேயே ஒரு வினா விடுத்தார். "உங்கள் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுங்கள்" என்பதே அவ்வினா. வினைச்சொற்களை மூன்று காலத்திலும் பிழையின்றி எழுதத் தெரிந்த எனக்கு, என் ஊரில் ஒரு குன்று இருக்கிறது என்று சொல்ல நா எழவில்லை. அன்றிரவு பேருந்தில் ஊர் திரும்பும்போது, நான் பெற்றிருந்தது மதிப்பெண்ணே அன்றி மொழி அன்று என்பதை உணர்ந்தேன்.

இவ்விடத்தில் பழைய செய்தி ஒன்றை நினைவுகூர்தல் தகும். ஐரோப்பியருக்கும் நம்மவருக்கும் இடையே நின்று பேசியவரை அக்காலத்தில் துபாஷி என்று அழைத்தனர். இரு மொழி அறிந்தவர் என்பது அதன் பொருள். அவர்களுள் புகழ் மிக்கவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்து 1761இல் மறைந்த அவர், புதுச்சேரியில் ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கினார். 1736 முதல் அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு இன்று வரலாற்று ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வம். அந்நாட்குறிப்பைப் புரட்டினால், ஒரு சொல்லுக்கு மறு சொல் கூறும் மனிதரை மட்டும் நாம் காண்பதில்லை. சரக்கின் தரம் அறிந்த, விலையின் ஏற்ற இறக்கம் அறிந்த, யாரிடம் எதை எப்போது பேசவேண்டும் என்பதும் அறிந்த ஒரு வணிகரையே காண்கிறோம். மொழி அவருக்கு வாயில், தொழிலறிவே வீடு. வீடில்லாத வாயிலால் யாருக்கு என்ன பயன்?

நான் செய்யவேண்டியவை இரண்டு என்று தெளிந்தேன்: நாவைப் பழக்குதல், ஒரு தொழிலை அறிதல்.

முதலாவதற்காகச் சனி, ஞாயிறுகளில் விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்குச் சென்று பயின்றேன். பிரெஞ்சு அரசின் கல்வித்துறை வழங்கும் டெல்ஃப் என்னும் சான்றிதழைப் பற்றி மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். ஏ1, ஏ2, பி1, பி2 என அதற்கு நான்கு படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிற்கும் தனித்தனியே 25 மதிப்பெண். மொத்தம் 50 பெற்றால் தேர்ச்சி. ஆனால் எந்த ஒன்றிலும் 5க்குக் குறையலாகாது. வாய் திறவாதவன் எழுதியே தப்பித்துவிட முடியாது என்க. ஓராண்டு உழைத்து பி1 படியில் தேறினேன்.

இரண்டாவதற்கு வெளியூர் செல்லத் தேவையிருக்கவில்லை. என் தந்தையார் நெல் மண்டியில் கணக்கு எழுதுபவர். வார நாள்களில் அவர் அருகிலமர்ந்து பழகினேன். மொத்த எடை, சாக்கைக் கழித்த நிகர எடை, மூட்டைக் கணக்கு, வண்டி வாடகை இவை யாவும் எனக்குப் பாடமாயின. "மூட்டையை எண்ணாமல் எடையை எழுதாதே, தம்பி" என்பார். அவற்றிற்குரிய பிரெஞ்சுச் சொற்களை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். மொத்த எடை 'புவா ப்ரூத்', நிகர எடை 'புவா நெத்'. தந்தையார் அதைக் கண்டு சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

பிறகு, மேற்கு ஆப்பிரிக்காவிற்கு அரிசி அனுப்பும் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் அழைப்பு வந்தது. அப்பகுதி நாடுகள் பலவற்றில் அரசாங்கத் தாள்கள் பிரெஞ்சிலேயே நடைபெறுகின்றன. எனக்கு ஒரு தாளையும், கணினி செய்த அதன் மொழிபெயர்ப்பையும் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரே கொள்கலத்திற்கு 24,500 டன் என்று மொழிபெயர்ப்பில் கண்டிருந்தது. மூட்டைகளோ 50 கிலோ எடையுள்ளவை, 490. பெருக்கிப் பார்த்தேன், இருபத்து நாலரை டன்னே வந்தது. நாம் தசமப் புள்ளி வைக்கும் இடத்தில் பிரெஞ்சுக்காரர் காற்புள்ளி வைப்பர் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கணினி சொற்களையெல்லாம் சரியாகவே பெயர்த்திருந்தது. காற்புள்ளியை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. அதைச் சுட்டிக் காட்டினேன். மறுவாரமே வேலையில் சேர்ந்தேன். அது கடைநிலை எழுத்தர் வேலைதான், சம்பளமும் சிறிதுதான். எனினும் முதல் மாதச் சம்பளத்தைத் தந்தையார் கையில் வைத்தபோது, "எண்ணிப் பார்த்து வாங்கினாயா?" என்று மட்டுமே கேட்டார்.

நண்பர்களே, பிரெஞ்சு மட்டும் தெரிந்தவனுக்கு வேலை அரிது. கணக்கும் பிரெஞ்சும் தெரிந்தவனுக்கு ஏற்றுமதி அலுவலகம் உண்டு. காப்பீட்டுத் தாள்களைப் படித்தறிபவனுக்கு அலுவலகப் பணி உண்டு. கோயிற்கலையும் ஊர் வரலாறும் அறிந்தவனுக்குச் சுற்றுலா வழிகாட்டும் பணி உண்டு. கற்பிக்கும் பயிற்சி பெற்றவனுக்குப் பள்ளி உண்டு. உங்கள் வீட்டுத் தொழில் எதுவாயினும் அதை இழிவாகக் கருதாதீர்கள். கற்ற மொழி ஊன்றி நிற்பதற்குரிய நிலம் அதுவாகவே இருக்கலாம்.

நாளைக்கே ஒன்று செய்யுங்கள். நீங்கள் கற்கும் மொழி எதுவாயினும், அதில் உங்கள் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் உரக்கப் பேசிப் பாருங்கள். எங்கே நா தடைப்படுகிறதோ, அங்கிருந்து உங்கள் படிப்பு தொடங்கட்டும்.