அடித்தல் திருத்தலுடன் ஒரு பேராசிரியர்

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மொழிப்பாட ஆசிரியர்களோடு கணக்கு, அறிவியல் ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். எந்தப் பாடம் நடத்துபவருக்கும் பயன்படக்கூடிய ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நார்வே நாட்டுப் பேராசிரியர் சோஃபுஸ் புக்கே. 1833இல் லார்விக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார், 1907இல் மறைந்தார். ரூன் எழுத்துகளையும் வடஐரோப்பிய மொழிகளையும் ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்.

ரூன் என்பது கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் கீறப்பட்ட, நேர்க்கோடுகளால் ஆன எழுத்து. பழைய வரிசையில் 24 எழுத்துகள். பிறகு வந்த வரிசையில் 16 மட்டுமே. மொழி வளர எழுத்து குறைந்தது ஒரு வேடிக்கை. விளைவு, ஒரே எழுத்து 'க' ஒலிக்கும் வந்தது, அதன் மெலிந்த ஒலிக்கும் வந்தது. 'காடு', 'தங்கம்' இரண்டிலும் ஒரே ககரத்தை எழுதும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புக்கே சிறுவனாக இருந்தபோது இத்துறையில் ஒரு பெரிய சங்கடம் நிகழ்ந்தது. தெற்கு சுவீடனில் ரூனமோ என்ற பாறை. அதில் எழுத்து இருப்பதாக நூற்றாண்டுகளாக நம்பிக்கை. டென்மார்க்கின் அறிவியல் கழகம் 1833இல் ஒரு குழுவை அனுப்பியது. குழுவில் இருந்த ஃபின்னூர் மாக்னூசன் பெரும் புலமை உடையவர். படியெடுத்து வந்த கீறல்களை அவர் வலமிருந்து இடமாகப் படித்துப் பார்த்தார். ஒரு பழம்பாடலே கிடைத்துவிட்டது! 1841இல் எழுநூறு பக்கங்களுக்கு மேல் ஒரு நூல் வந்தது. 1844இல் வோர்சோ என்ற இளம் தொல்லியலாளர், பாறையில் எழுத்தே இல்லை, எல்லாம் இயற்கையான வெடிப்புகள் என்று எழுதினார். அவர் சொன்னதே சரி. மாக்னூசனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவர் அறியாமையால் தவறவில்லை. நிறையத் தெரிந்திருந்ததால்தான் வெடிப்பிலும் கவிதை தெரிந்தது.

இனி புக்கே. டென்மார்க்கின் காலெஹூஸ் என்ற இடத்தில் 1639இலும் 1734இலும் இரண்டு பொற்கொம்புகள் கிடைத்தன. 1802இல் ஒரு பொற்கொல்லர் அவற்றைத் திருடி உருக்கிவிட்டார். நல்லவேளையாக, இரண்டாம் கொம்பில் இருந்த பழைய ரூன் வரியின் வரைபடம் மிஞ்சியது. அதில் சில சொற்களின் இறுதியில் ஓர் எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. பிந்தைய வரிசையில் அந்த வடிவம் மகரத்தைக் குறிக்கும். ஆகவே முன்னவர்கள் 'ம்' என்று படித்து, கொம்பு யாருக்காகவோ செய்யப்பட்டது என்று பொருள் கொண்டார்கள். புக்கே வடிவத்தை விட்டுவிட்டு இலக்கணத்தைக் கேட்டார்: இந்த மொழிக்குடும்பத்தில், இந்தக் காலத்தில், இந்த இடத்தில் என்ன ஒலி வந்திருக்க வேண்டும்? சகரத்தோடு உறவுடைய ஓர் ஒலி என்று 1865இல் காட்டினார். உடனே 'யாருக்காக' என்பது 'யார்' ஆகிவிட்டது. ஹ்லேவகாஸ்திஸ் என்ற மனிதர், கொம்பைச் செய்தவன் நான் என்று தம் பெயரைச் சொல்லுகிறார். ஓர் எழுத்தின் ஒலி மாறியதும் பதினான்கு நூற்றாண்டுக்கு முந்தைய ஒருவர் வாய் திறந்துவிட்டார்.

மறு ஆண்டே கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1867இல் எட்டா பாடல்களைப் பதிப்பித்தார். அதற்கு முன்பே மலைப்பகுதி வீடுகளுக்குச் சென்று நாட்டுப்பாடல்களைக் கேட்டு எழுதி, 1858இல் ஒரு தொகுதி வெளியிட்டிருந்தார். வடநாட்டுத் தெய்வக் கதைகளில் கிறித்தவ, கிரேக்க, உரோமானியச் செல்வாக்கு மிகுதி என்று பின்னாளில் வாதிட்டதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த வாதத்தில் அவர் எல்லை மீறிப் போய்விட்டார் என்பதே என் எண்ணமும்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது ரோக் கல்லைப் பற்றி. சுவீடனில், கி.பி. 800ஐ ஒட்டி, வரின் என்ற தந்தை இறந்துபோன மகன் வாமோதுக்காக நட்ட கல். ஏறத்தாழ 760 எழுத்துகள்; ரூன் கல்வெட்டுகளில் மிக நீளமானது. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஒரு பகுதி பழைய 24 எழுத்து வரிசையில். இன்னொரு பகுதி மறைகுறி: எழுத்துகளை மூன்று குழுவாகப் பிரித்து, எத்தனையாவது குழு, அதில் எத்தனையாவது எழுத்து என்று எண்ணால் சுட்டுவது. வகுப்பில் 'இரண்டாம் பெஞ்சு, நான்காவது பையன்' என்று கூப்பிடுகிறோமே, அப்படி.

இதற்கு புக்கே 1878இல் ஒரு விளக்கம் வெளியிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1888இல், அதையே எடுத்துத் திருத்தி இன்னொன்று வெளியிட்டார். அதன் பிறகும் விடவில்லை. மூன்றாவதாக ஒன்றை எழுதினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நாடறிந்த பேராசிரியர், முதல் விளக்கத்தோடு நின்றிருந்தால் பெயருக்கு ஒரு குறையும் வந்திராது.

நாம் விடைத்தாளில் அடித்தல் திருத்தல் கண்டால் முகம் சுளிக்கிறோம். ஒரு மாணவி முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருந்தால், அடித்ததையும் கொஞ்சம் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் மனம் மாறினாள் என்பது அங்கேதான் இருக்கிறது. எண்பது தாள்களை இரண்டு நாளில் திருத்தும்போது இதெல்லாம் நடக்குமா என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நடக்காது. மாதம் ஒரு தாளுக்காவது நடக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

புக்கேயின் மூன்றாவது விளக்கம், அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1910இல் அச்சானது. அவருடைய மாணவர் மாக்னுஸ் ஓல்சன் வெளிக்கொண்டு வந்தார். நார்வேயின் பழைய ரூன் கல்வெட்டுகளைத் தொகுக்கும் பணியை புக்கே 1891இல் தொடங்கியிருந்தார். அதையும் ஓல்சனே 1924இல் முடித்தார். ரோக் கல்லைப் படிப்பது மட்டும் முடியவில்லை. 2020இல் சுவீடன் அறிஞர்கள் நால்வர், கல்லில் உள்ள புதிர்கள் சூரியன் மங்கிக் குளிர்காலம் திரும்ப வருமோ என்ற அச்சத்தைப் பேசுகின்றன என்று புதிதாக ஒரு விளக்கம் தந்திருக்கிறார்கள்.