புழங்கும் கலம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கலைப்பொருள் சேகரிப்பது செல்வந்தர் காரியம். மெட்ரிகுலேஷன் படித்த ரயில்வே குமாஸ்தாவுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் சொல்ல வந்தது காப்பிக் கோப்பை, தயிர்க் கிண்ணம், ஊறுகாய் ஜாடி ஆகியவற்றைப் பற்றியே. தொழிற்சாலை அச்சில் வாராமல், கலைஞர் ஒருவர் தாமே சக்கரத்தில் வனைந்து, தாமே மெருகு கூட்டி, தம் சூளையில் சுட்டெடுக்கும் கலங்களை ‘ஸ்டூடியோ பாட்டரி’ என்கிறார்கள்.

நாம் குடியேறி வாழும் இத்தில்லிக்கு அதில் பெரும் பங்குண்டு. சர்தார் குர்சரண் சிங் என்பார் 1919-இல் ஜப்பான் சென்று இத்தொழிலைப் பயின்றார். ஹமாதா, கவாய், ஆங்கிலேயரான பெர்னார்டு லீச் முதலியோரின் தொடர்பு அவருக்கு அங்கே கிட்டியது. அன்றாடம் புழங்கும் எளிய கலத்தில்தான் அழகு குடிகொண்டிருக்கிறது என்பது அந்தக் கூட்டத்தாரின் கொள்கை. 1952-இல் தில்லியில் அவர் தொடங்கிய பட்டறை, நீல மெருகிட்ட கலங்களால் புகழ் பெற்றது. அந்த நீலத்தின் நுட்பத்தை அவர் அறிந்தது அப்துல்லா என்ற பரம்பரைக் குயவரிடம். சர்தாருக்கு 1991-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 1995-இல் மறைந்தார். அப்துல்லாவின் பெயரையோ சிலரே அறிவர்.

நம் பக்கத்திலும் ஓர் ஊற்று உண்டு. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யை நிறுவினர். அங்கே பயின்றவர் பலர் பிற்காலத்தில் தனிச் சூளை கட்டிக்கொண்டனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் புதுச்சேரிக்கு ஒரு நாள் ஒதுக்கினால், கலம் செய்பவரையே கண்டு பேசி வாங்கலாம்.

விலையைக் கேட்டதும் நம் இல்லத்தரசிகள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். மண்ணைப் பிசைந்து, வனைந்து, உலர்த்தி, அடியைச் சீவி, ஒருமுறை சுட்டு, மெருகில் தோய்த்து, மீண்டும் ஏறக்குறைய 1,300 டிகிரி வெப்பத்தில் சுட வேண்டும். சூளையைத் திறக்கும்போது சில கோணியிருக்கும், சில விண்டிருக்கும். அந்த நஷ்டமும் நல்ல கோப்பையின் விலையில்தான் அடங்க வேண்டும். வேறு யார் தருவார்?

வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். பார்வைக்குக் கனமாக இருப்பது கைக்கு இலேசாக இருந்தால் வனைந்தவர் கை தேர்ந்தது. பிடிக்குள் விரல் நுழைய வேண்டும். மூடி ஆடலாகாது. கூஜாவில் நீர் ஊற்றிச் சட்டென நிமிர்த்துங்கள். மூக்கு வழியே ஒழுகினால் வைத்துவிடுங்கள். புளிப்புப் பண்டம் வைப்பதாயின் மெருகில் ஈயம் இல்லையென்று கேட்டுத் தெளிக. ஈயம் கலந்திருந்தால் புளிப்பில் கரைந்து உடம்புக்குக் கேடு செய்யும்.

வாங்கியதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதுதான் நம் வழக்கம். அது எனக்குச் சம்மதமில்லை. புழங்கினால் உடையும், உடைந்தால் மறுபடி அவரிடமே போவோம், அவர் சூளையும் அணையாது. வடநாட்டு ஸ்டேஷன்களில் தேநீர் குடித்து எறிகிறோமே குல்லட், அதைச் செய்தவர் வாழ்வதும் அப்படித்தான். 2004-இல் ரயில்வே மந்திரி லாலு பிரசாத் குல்லட்டைப் புழக்கத்திற்குக் கொண்டுவர உத்தரவிட்டபோது என் மனம் நிறைந்தது.

வருஷத்திற்கு ஒன்றாக நான் வாங்கிய கலங்கள் அதோ மேஜைமேல் இருக்கின்றன. கவிழ்த்துப் பாருங்கள், அடியில் செய்தவர் முத்திரை இருக்கும். குழந்தைகளும் தொடலாம்.