வெண்கட்டி விரல்கள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில், வைத்தியத்துறையில் உள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கனடாவில் வாழும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, நாற்பது வயது கடந்தபின் தன் கைகளின் படமொன்றை எங்களுக்கு அனுப்பினாள். விரல்கள் வெண்கட்டிபோல் வெளிறியிருந்தன. சற்று நேரத்தில் நீலமாகிப் பின் சிவக்குமாம். "கையுறை போடடி" என்றோம். வைத்தியம் படித்த நாங்களே மூன்று குளிர்காலம் அப்படித்தான் சொன்னோம். "என் பெயரைச் சொல்லாதேங்கோ, விரலைச் சொல்லுங்கோ" என்ற அவளது அனுமதியுடன் இதைப் பேசுகிறோம்.

விரல் இவ்வாறு நிறம் மாறுவதை 1862இல் விவரித்தவர் பிரெஞ்சு வைத்தியர் மொறிஸ் றெய்னோ. இது பலருக்கு, குறிப்பாக இளம் பெண்களுக்கு, வேறு நோயின்றியே வரும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நடுவயதில் புதிதாகத் தொடங்கினால், விரல்கள் வீங்கினால், நுனியில் புண் வந்தால் ஸ்கிளீரோடேர்மாவை நினைக்க வேண்டும். பெண்களையே அதிகம் தாக்கும் நோய் இது.

தோல் தடிப்பதால் இதைத் தோல் நோய் என்று எண்ணுகிறோம். கேடு தொடங்குவதோ பெரும்பாலும் சிறு குருதிக்கலன்களில். அவற்றின் உட்படைக் கலங்கள் சேதமடைகின்றன. சுவர் உள்நோக்கித் தடித்து வழி ஒடுங்குகிறது. மயிர்த்துளைக்குழாய்கள் ஒவ்வொன்றாய் அழிகின்றன. ஒட்சிசன் குறைந்த இழையத்தில் கொலாஜன் மிதமிஞ்சிப் படிகிறது. சிலருக்குத் தோல் இறுகுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே விரல் வெளிறத் தொடங்கிவிடும்.

விரலில் நடப்பது உள்ளுறுப்புகளிலும் நடக்கலாம். நுரையீரல் நாடிகள் ஒடுங்கினால் அங்கே அமுக்கம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் களைக்கும். படியேறும்போது மூச்சு வாங்குவதை "வயசாகுது" என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீரகம் தாக்கப்பட்டால் குருதி அமுக்கம் திடீரெனப் பாயும். கப்டோபிரில் வகை மருந்துகள் வரும்வரை அப்படியானவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடியவில்லை. இந்நோயாளர் ஸ்டெரொயிட் மாத்திரையைத் தாமாகக் கூட்டி விழுங்குவதும் அந்த ஆபத்தை வளர்க்கும்.

எங்கள் தோழி இடக்கைச் சுட்டுவிரல் நுனியை இழந்தபின்தான் நோயின் பெயர் தெரிந்தது. இப்போது நிபெடிப்பின் எடுக்கிறாள். ஆண்டுதோறும் இதயத்தை ஸ்கான் செய்கிறார்கள். சமையல் மட்டும் விடவில்லை, குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவும் கையுறைதான்.

நகத்தின் அடித்தோலில் ஒரு துளி எண்ணெய் விட்டு உருப்பெருக்கியால் பார்த்தால் மயிர்த்துளைக்குழாய்கள் தெரியும். வீங்கியும் இடையிடையே அற்றும் இருந்தால் குருதிப் பரிசோதனைக்கு அனுப்புவோம். தேநீர் இடைவேளையில் மண்டப வாசலருகே மேசை போட்டிருக்கிறோம். கியூடெக்ஸ் பூசியவர்களும் வரலாம். நாங்கள் பார்ப்பது நகத்தை அல்ல.