சயனைடு மேட்டின் அடியில் ஒரு பாடம்

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே! எங்கள் ஊராகிய கோலார் தங்கவயலை உங்களுள் இளையவர்கள் பலர் 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் வாயிலாகவே அறிந்திருப்பீர்கள். அப்படத்திற்குக் களமாக அமைந்த சாம்பல் நிற மேடுகளைக் கண்டு, பாலைவனம் போலல்லவா இருக்கிறது என்று வியந்திருக்கவும் கூடும். அம்மேடுகள் இயற்கை தந்தவை அல்ல. எங்கள் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் பூமிக்குள் இறங்கி வெட்டிக் கொணர்ந்த பாறையை ஆலையிலே மாவாக அரைத்து, அதிலிருந்த பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு அது. சயனைடு மேடு என்று நாங்கள் சொல்வோம். பருவநிலை மாற்றத்தைப் பற்றி இளைஞர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது, சுற்றுச்சூழலைக் காக்கும் பணியில் அவர்கள் எவ்வாறு முன்நிற்பது என்று இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். அந்தப் பெரிய பேச்சை நாங்கள் இந்த மேட்டின் அடியிலிருந்து தொடங்க விரும்புகிறோம்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, நிலமற்றோரும், பஞ்சத்தால் நொந்தோரும், தீண்டாமைக் கொடுமையினின்று விலகிவிட எண்ணியோருமாகத் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம், கோரமண்டல் என்னும் இடங்களில் வரிசை வரிசையாக எழுந்த 'லைன்' வீடுகளே அவர்களுக்கு ஊராயின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரையில் 800 டன் அளவுக்குப் பொன் இவ்வூரை விட்டுச் சென்றது. 13 மேடுகளாகக் குவிந்த 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு ஊரிலேயே தங்கிவிட்டது. பொன் எங்கெங்கே போயிற்று என்பது எங்களுக்குத் தெரியாது. கழிவு கிடக்குமிடம் நன்றாகத் தெரியும்.

சயனைடு என்ற பெயரைக் கேட்டதும் அஞ்சுவோர் உண்டு. அரைத்த பாறையைச் சயனைடு கரைந்த நீரில் கலக்கினால் பொன் அந்நீரில் கரைந்து வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் பரவிய முறை அது. கழிவோடு வெளியேறும் சயனைடு, வெயிலும் காற்றும் படப்பட, நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துபோகும் இயல்புடையது. சிதையாமல் நிற்பது தூள். அதில் சிலிக்கா உண்டு. பாறையோடு வந்த உலோகங்களும் உண்டு. சிலிக்காத் தூளை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப்போகும். சிலிகோசிஸ் என்னும் அந்நோய், 1940-களில் இங்கே சுரங்கத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வில் நூற்றுக்கு நாற்பதின்மருக்கும் மேற்பட்டோரிடம் காணப்பட்டது. பாறையைத் துளைக்கையில் உள்ளே எழுந்த தூளும், மேட்டிலிருந்து வெளியே பறக்கும் தூளும் ஒரே அளவு கொடியவை என்று நாங்கள் சொல்லவில்லை. எனினும், காற்று ஓங்கி வீசும் நாளில் கதவிடுக்கில் பழந்துணியைச் செருகி, உலர்த்திய துணியை உள்ளே எடுத்து, குடத்தை மூடிவைத்து வாழும் தாய்மாருக்கு இந்த வேறுபாட்டினால் ஆறுதல் ஏது?

இதற்கும் பருவநிலை மாற்றத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மேடு கரியமில வாயுவால் உண்டானதன்று, அது மெய்தான். ஆனால் காற்று ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியாக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக நூல் கூறும் உண்மை. ஆகவே வெப்பம் ஏறிய உலகத்தில் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். பெய்யாத நாளில் நிலம் மேலும் காயும். இவ்விரண்டில் எது வந்தாலும் மேட்டுக்கு அது கேடுகாலம். காய்ந்தால் தூள் காற்றில் ஏறும். கொட்டினால் மேட்டின் பக்கங்கள் அறுந்து, கழிவு கீழுள்ள வயலுக்கும் ஓடைக்கும் இறங்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை உறவினர் வாயிலாக நீங்கள் கேட்டிருப்பீர்கள். கோலார்ச் சீமையின் வழியே வரும் அந்த ஆற்றைத் தேக்கிய பேத்தமங்கலம் ஏரியே நெடுங்காலம் எங்களுக்குக் குடிநீர் தந்தது. அதே ஆறுதான் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் செல்கிறது. எங்கள் மழைக்கணக்கு எங்களோடு நிற்பதன்று.

சுற்றுச்சூழல் பற்றிய கல்வி நம் நாட்டில் புதிதன்று. 1991-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக வைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர்ப் பாடநூல்கள் வந்தன. 2001-02-இல் தேசியப் பசுமைப் படை என்னும் பெயரில் பள்ளிதோறும் மாணவர் மன்றங்கள் அமைக்கும் திட்டமும் வந்தது. குறை எங்கே என்றால், பாடம் பெரும்பாலும் துருவப் பனியிலே தொடங்கித் தேர்வுத்தாளிலே முடிந்துவிடுகிறது. பனிக்கரடி படும் துன்பத்தைப் பத்து வரியில் எழுதி முழு மதிப்பெண் பெறும் பிள்ளை, பள்ளிச் சுவருக்கு அப்பால் நிற்கும் மேட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவேண்டியதில்லை! கேள்வித்தாளில் அது இல்லையே.

மன்றங்களின் நிலையும் அவ்வாறே. ஜூன் 5-ஆம் நாள் ஒரு கன்று நடுவார்கள்; படம் எடுப்பார்கள். மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று. மரம் நடுவதை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் மரம் என்றால் எல்லாம் ஒன்றா? கோலார் மாவட்டம் இதற்குத் தக்க சான்று. 1980-களில் சமூகக் காடு வளர்ப்பு என்னும் பெயரில் இங்கே யூகலிப்டஸ், அஃதாவது தைல மரம், ஏராளமாக நடப்பட்டது. கேழ்வரகு விளைந்த நிலமும் தைல மரத் தோப்பாயிற்று. நிலத்தடி நீர் குறையக் குறைய ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே சென்றன. தைல மரத்தின் மீது உழவர்கள் கொண்ட ஐயமும் வளர்ந்தது. இறுதியில் 2017-இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதைத் தடை செய்தது. நட்டபோதும் விழா எடுத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. எந்த மண்ணில் எந்த மரம், அதற்கு எவ்வளவு நீர் என்று கேட்கத் தெரிந்த மாணவன் ஒருவன், நூறு கன்று நட்டவனைவிடத் தலைமைக்குத் தகுதியுடையவன் என்பது எங்கள் கருத்து.

வெப்பத்தைப் பற்றிய பாடம் எங்களிடம் இன்னும் சுவையாக இருக்கிறது. தங்கவயல் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக ஆழம் சென்றது. அடியிலே பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். குளிர்ந்த காற்றைக் கீழே செலுத்தியே ஆட்களை வேலை வாங்க முடிந்தது. இத்தகைய ஆழ்சுரங்கங்களில் சாதாரண வெப்பமானியை மட்டும் நம்புவதில்லை. குமிழின்மேல் ஈரத்துணி சுற்றிய மற்றொன்றையும் வைத்துப் பார்ப்பார்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு தணியாது. அந்த ஈரக்குமிழ் அளவு 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா அமர்ந்திருப்பவரும் சில மணி நேரமே தாங்குவர் என்று 2010-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணித்தனர். அதற்குக் கீழேயே, உடல்நலமுள்ள இளைஞருக்கும் உடற்சூடு கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்குவதைப் பின்வந்த சோதனைகள் காட்டியுள்ளன. பாட்டனார் பாதாளத்தில் கண்ட அளவை, பேரன் இன்று பகல் வெளிச்சத்தில் கற்கவேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்து, "ஐயா, உள்ளே உடம்பு எப்படி இருக்கும்? மயக்கம் வருமுன் என்ன தோன்றும்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் சொல்வதற்கு நிகரான பாடநூலை யார் எழுதுவார்? அவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி வழியே வந்து எங்கள் சுரங்கத்தை இயக்கிற்று. அந்தக் காவிரி வற்றும் ஆண்டில் விளக்கும் மங்கும் என்ற கணக்கை விளக்க, வேறு நாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை.

இளைஞர் தலைமை என்பதற்கு நம்மவரிலேயே ஒரு சான்று உண்டு. எங்கள் முன்னோர் பலர் புறப்பட்ட பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த திருவண்ணாமலையில், வினிஷா உமாசங்கர் என்னும் பள்ளி மாணவி, தன் தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டார். அந்தக் கரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஆராய்ந்து, சூரிய ஒளியால் இயங்கும் தேய்ப்பு வண்டியொன்றை வகுத்தார். 2020-இல் சுவீடனில் சிறுவர்க்கான பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது; 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த உலக மாநாட்டில் தலைவர்கள் முன்னிலையில் பேசினார். பேச்சை எல்லோரும் பாராட்டினர். எங்களைக் கவர்ந்தது பேச்சுக்கு முன் நடந்தது: தெருவைப் பார்த்தது.

எங்கள் இளைஞருக்கு அந்த ஓய்வு உண்டா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் பேசுவது முறையன்று. சுரங்கம் மூடியபின், ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டியபின் திரும்புகிறார்கள். பகல் வெளிச்சத்தில் தம் ஊரைக் காண்பதே ஞாயிற்றுக்கிழமையில்தான். அவர்களிடம் சென்று, சுற்றுச்சூழலுக்குத் தலைமை தாங்குங்கள் என்று சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ஆதலால் பொறுப்பு பள்ளியின்மீதுதான் விழுகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஊரிலே இருக்கிறார்கள். கூரையும் மொட்டைமாடியும் இருக்கின்றன.

இதில் காலதாமதம் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதத்தில், இந்த 13 மேடுகளையும் மீண்டும் தோண்டி, எஞ்சிய பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மிகுதியான பரப்பு அது. வேலை வரும் என்று மகிழ்வோர் எங்களில் பலர், அம்மகிழ்ச்சி நியாயமானதே. மேடு ஒழிந்தால் தூளும் ஒழியும் என்று நம்புவோரும் உண்டு. தோண்டும் காலத்தில் தூள் பெருகுமே என்று அஞ்சுவோரும் உண்டு. யார் சொல்வது சரியென்று பின்னாளில் அறியவேண்டுமானால், தோண்டுமுன் எவ்வளவு தூள் விழுந்தது என்ற கணக்கு கையில் இருக்கவேண்டும்.

அந்தக் கணக்கு எடுப்பது கடினமன்று. வாயகன்ற பாத்திரம் ஒன்றில் சிறிது நீர் விட்டு, மாடியில் முப்பது நாள் வைக்கவேண்டும். பறவை அமராமல் மேலே கம்பிவலை. நீர் வற்றாமல் அவ்வப்போது சிறிது வடிநீர். மாத முடிவில் விழுந்த இலை தழையை நீக்கி, நீரை ஆவியாக்கி, அடியில் நிற்கும் தூளைப் பள்ளியின் ஆய்வுத் தராசில் நிறுத்து, பாத்திரத்தின் வாயளவால் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். மேட்டின் அருகே ஒரு பாத்திரம், ராபர்ட்சன்பேட்டையில் ஒன்று, காற்றுக்கு எதிர்த்திசையில் ஒன்று. பக்கத்திலேயே மழைமானியும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும். குறிப்பேட்டில் நாள், நேரம், காற்றின் திசை, எழுதியவர் பெயர். ஒரு வகுப்பு பள்ளியை விட்டுப் போகும்போது அடுத்த வகுப்பிடம் ஏட்டை ஒப்படைக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும் நேயர்கள் கையில் ஒரு நல்ல தராசு கொண்டுவந்தால் மறுக்கமாட்டோம். பங்குனிக் காற்று எழுமுன் முதல் பாத்திரம் மாடியேற வேண்டும்.