முகஞ்சுளிக்கும் குழந்தையும் புதிய உணவும்



பொழுது சாயும் வேளையில் எந்தத் தெருவழியே நடந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். கையில் கிண்ணத்தோடு ஒரு தாய். வாயை இறுக மூடிக்கொண்ட ஒரு குழந்தை. “ஒரு வாய், ஒரே ஒரு வாய்” என்று அவள் கெஞ்சுகிறாள். அது தலையை இருபுறமும் ஆட்டுகிறது. முன்னாளில் இந்தப் போராட்டத்தில் தாய்க்குத் துணைநின்றது வானத்து நிலா. இன்று அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. நிலாவைக் காட்டியபோது தாயின் பேச்சாவது குழந்தையின் காதில் விழுந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆயினும் இரண்டிலும் குறை ஒன்றுதான். கவனம் வேறெங்கோ இருக்க, சோறு உள்ளே போகிறது. வயிறு நிறைகிறது; நாக்கு எதையும் கற்றுக்கொள்வதில்லை.

தாய்மாரிடம் பேசவேண்டிய செய்தியை இளைஞராகிய உங்களிடம் ஏன் பேசுகிறேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு, சற்றுப் பொறுங்கள்.

குழந்தை புதிய உணவை மறுப்பதைப் பிடிவாதம் என்று நாம் பெயரிட்டுவிடுகிறோம். அது பிடிவாதமன்று, அச்சம். ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை இந்த அச்சம் மிகுதியாக இருக்கும் என்று குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. காலூன்றி நடக்கத் தொடங்கிய குழந்தை தோட்டத்திலும் வேலியோரத்திலும் கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டால் என்னவாகும்? அறியாத பொருளைக் கண்டு அஞ்சுவதும், கசப்பை உமிழ்ந்துவிடுவதும் இயற்கை அதற்கு அளித்த காவல். அந்தக் காவற்காரன் எட்டிக்காயையும் தடுக்கிறான்; கீரையையும் பாகற்காயையும் சேர்த்தே தடுத்துவிடுகிறான். அவனை அடித்து விரட்ட இயலாது. அறிமுகம் செய்துவைத்தல் ஒன்றே வழி.

அறிமுகம் எவ்வாறு நிகழ்கிறது? எங்கள் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊர் நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம். சுற்றிலும் செம்மண் நிலம். முந்திரியும் பலாவும் செழிக்கும் பூமி. முந்திரிக்கொட்டையை உலகமறியும். அதன் பழத்தைத் தின்று பார்த்தவர் சிலரே. முந்திரிப்பழம் பார்வைக்கு மஞ்சளும் சிவப்புமாக அழகாக இருக்கும். கடித்தாலோ துவர்ப்பு நாக்கை இழுக்கும், தொண்டை கரகரக்கும், சட்டையில் வடிந்த சாறு கறையாகிவிடும். இந்தப் பழத்தை ஊட்டுவதற்காக எங்கள் ஊரில் எந்தத் தாயும் கிண்ணத்தோடு குழந்தையின் பின்னால் ஓடியதில்லை. கறைக்கு அஞ்சி, தின்னாதே என்று தடுத்த தாய்மாரே மிகுதி. ஆனால், பங்குனி சித்திரையில் சிறுவர் கூட்டம் தோப்புக்குள் நுழையும். பெரிய பையன் பழத்தை அறுத்து உப்பைத் தடவுவான். அவன் தின்பதைக் குட்டிப் பையன் பார்த்து நிற்பான். முதல் நாள் நக்கிப் பார்த்துத் துப்புவான். அடுத்த வாரம் தானே உப்புப் பொட்டலத்தோடு வந்துவிடுவான்.

மிளகாயின் கதையும் இத்தகையதே. உளவியல் அறிஞர் பால் ரோசின் மெக்சிகோ நாட்டுச் சிற்றூர் ஒன்றில் குழந்தைகள் மிளகாயை விரும்பக் கற்பதை ஆராய்ந்து 1980-இல் எழுதினார். அங்கே யாரும் பரிசு கொடுத்து மிளகாய் ஊட்டவில்லை. பெரியோரும் உடன்பிறந்தோரும் அன்றாடம் உண்பதைக் கண்டு, சிறிது சிறிதாகத் தாமும் பழகிக்கொண்டனர். அதே 1980-இல் லியான் பர்ச் என்னும் அமெரிக்க அறிஞர் மழலைப் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார். ஒரு காய்கறியை விரும்பும் குழந்தையை, வேறொரு காய்கறியை விரும்பும் குழந்தைகளோடு நான்கு நாள் ஒரே மேசையில் உண்ண வைத்தார். நாட்கள் செல்லச் செல்ல அந்தக் குழந்தை தான் ஒதுக்கிய காய்கறியைத் தானே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அவரும் அவருடைய துணைவரும் 1982-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைப் பலமுறை சுவைக்கக் கொடுத்தனர். எத்தனைமுறை சுவைத்தனவோ அந்த அளவுக்கு விருப்பமும் வளர்ந்தது. ஒருமுறை இருமுறை அல்ல. பத்துமுறை, பதினைந்துமுறை, அதற்கு மேலும்!

இங்கேதான் நூல்கள் பெரும்பாலும் விரித்துப் பேசாத சிக்கல் ஒன்று இருக்கிறது. பத்துமுறை கொடுங்கள் என்று சொல்வது எளிது. அந்தப் பத்துமுறையும் தட்டில் ஒதுக்கப்படும் உணவுக்கு விலை யார் கொடுப்பது? முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலியில் குடும்பம் நடத்தும் தாயை எண்ணிப் பாருங்கள். கால் கிலோ பீன்ஸ் வாங்கிச் சமைக்கிறாள். குழந்தை துப்பிவிடுகிறது. மறுநாள் மீண்டும் பீன்ஸ் வாங்க அவளுக்குத் துணிவு வருமா? குழந்தை மறுக்காமல் உண்ணும் சோற்றையும் உருளைக்கிழங்கையுமே அவள் கொடுப்பாள். அவளை அறியாமை உடையவள் என்று சொல்வோரிடம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. கையிலுள்ள காசுக்கு வயிறு நிறையவேண்டும் என்று அவள் போடும் கணக்கு சரியான கணக்கே. ஆனால், அந்தக் கணக்கினால் குழந்தையின் நாக்கு குறுகிவிடுகிறது. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. கீரையும் பயறும் முட்டையும் ஏறாத தட்டு அவற்றுள் ஒன்று.

ஒரு குழந்தையின் மறுப்புக்கு ஆகும் செலவை ஏழைத் தாய் தாங்க இயலாது. ஊர் தாங்க இயலும். அதைத் தாங்கும் இடம் பள்ளிப் பந்தி. இந்தக் கோணத்தில் நம் மதிய உணவுத் திட்டத்தைப் பார்ப்போர் குறைவு. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கியதும், 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும் நீங்கள் அறிந்தவையே. பசி தீர்த்தல் அவற்றின் நோக்கம். பசி தீர்த்ததோடு அவை நாக்குக்குக் கல்வியும் அளித்தன என்பதே நான் கூற விரும்புவது.

நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் அமெரிக்க உதவியாகக் கேர் நிறுவனத்தின் வழியே பள்ளிகளுக்குக் கோதுமை வந்தது. வீட்டில் அரிசியும் கம்பும் கேழ்வரகும் கண்ட எங்களுக்கு அந்தக் கோதுமைச் சோறு புதிது. பல்லில் அரைபடாமல் நழுவும். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலாம் வகுப்பு அண்ணன்மார் தட்டை வழித்து உண்டார்கள். பிறகு நாங்களும் உண்டோம். அவ்வளவுதான். யாரும் எங்களுக்குக் கோதுமையின் பெருமையைப் பேசவில்லை.

பின்னர் நானே தலைமையாசிரியனாக இருந்தபோது, 2013-இல் சில ஒன்றியங்களில் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் பரவிய பலவகைச் சாதத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதுவரை நாள்தோறும் சாம்பார்ச் சோறே உண்ட பிள்ளைகளுக்கு முன்னே கொண்டைக்கடலைப் புலவும், மீல்மேக்கர் சாதமும், மிளகு முட்டையும் வந்து நின்றன. மீல்மேக்கரை விரலால் அழுத்திப் பார்த்து, “சார், பஞ்சு!” என்றாள் ஒரு சிறுமி. பந்தி முழுவதும் சிரித்தது. உண்மையில் அவள் செய்தது சரியான ஆராய்ச்சி. தொட்டுப் பார்த்தல், முகர்ந்து பார்த்தல், உதட்டில் வைத்தல், துப்புதல் ஆகிய எல்லாம் உண்பதற்கு முந்திய படிகள். துப்பிய குழந்தையை அதட்டினால் அந்தப் படியிலேயே அது நின்றுவிடும்.

நான் செய்த ஏற்பாடு ஒன்றே ஒன்று. வகுப்பு வகுப்பாக அமர வைக்காமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு இருபுறமும் பெரிய பிள்ளைகள் இருவரை அமர்த்தினேன். “தம்பிக்கு ஊட்டாதே, கட்டாயப்படுத்தாதே, உன் சோற்றை நீ உண்” என்பதே அவர்களுக்கு இட்ட கட்டளை. புதியதைச் சிறிய பிள்ளைக்கு ஒரு கரண்டிக்கு மேல் வைக்கவேண்டாம் என்று சத்துணவுப் பணியாளர் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் உண்டுவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கேரட்டைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைத்த பையன் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அடுக்கிக்கொண்டே இருந்தான். ஆனால், ஆடி மாதத்தில் ஒதுக்கிய கொண்டைக்கடலையைக் கார்த்திகையில் கேட்டு வாங்கியவர் பலர்.

கறிவேப்பிலைச் சாதம் குறித்து ஒரு சொல். காரியம் முடிந்ததும் தூக்கியெறியப்படுவதற்குக் கறிவேப்பிலையை உவமை சொல்லும் நாடு இது. அதை அரைத்துக் கலந்துவிட்டால் பொறுக்கியெறிய வழியில்லை. வீடுகளிலும் கீரையை அரைத்து மாவில் மறைக்கும் தந்திரத்தைப் பலர் கையாளுகின்றனர். சத்து உள்ளே போவது உண்மை. எனினும் மறைத்துக் கொடுத்த கீரையோடு குழந்தைக்கு நட்பு உண்டாகாது. அரைத்தே கொடுங்கள், அதில் இருப்பது இன்னதென்று பெயரையும் சொல்லிவிடுங்கள். அப்படியே, “கீரையைத் தின்றால் மிட்டாய்” என்னும் பேரமும் வேண்டா. பரிசுக்காகக் குடிக்கவைத்த பானத்தின்மேல் குழந்தைகளுக்கு விருப்பம் குறைந்தது என்பதை பர்ச் 1984-இல் காட்டினார். கூலி கொடுத்துத் தின்னச் சொல்லும் பண்டம் நல்லதாக இராது என்று குழந்தை கணித்துவிடுகிறது போலும்!

நிற்க. எல்லா மறுப்பும் ஒருவகையல்ல. குழந்தையின் எடை குறைந்தாலோ, விழுங்கவே இடர்ப்பட்டாலோ, முட்டையோ முந்திரியோ உண்டதும் உடல் தடித்தாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும். அங்கே பழக்கம் என்ற பேச்சுக்கு இடமில்லை. நாவில் பிறவாமல் வீட்டில் கற்பிக்கப்படும் மறுப்பும் ஒன்று உண்டு. 2022-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியில், சமைத்தவர் பட்டியல் சாதியினர் என்பதால் பிள்ளைகள் உண்ணவில்லை என்ற செய்தி வந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு உப்புமாவில் சாதி தெரியுமா? பெரியவர் முகத்தைப் பார்த்தல்லவா அது படித்துக்கொள்கிறது! அதற்குக் கண்ட மருந்தும் அதே முறையில்தான் அமைந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் மாவட்ட ஆட்சியரும் அப்பள்ளிக்குச் சென்று, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து உண்டார்கள். பிள்ளைகளும் உண்டார்கள்.

இப்போது உங்களிடம் பேசுவதன் காரணத்திற்கு வருகிறேன். உங்கள் வீட்டுத் தம்பியோ தங்கையோ அண்ணன் பிள்ளையோ, தாயின் கிண்ணத்தைவிட உங்கள் தட்டையே கூர்ந்து நோக்குகின்றது. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் நீங்கள், “பாகற்காயா? எனக்கு வேண்டா” என்று முகஞ்சுளித்தால், தாய் ஓராண்டு செய்த முயற்சி ஒரு நொடியில் வீணாகும். ஆகவே, அடுத்தமுறை வீட்டில் பாகற்காய் சமைக்கும் நாளில் அந்தக் குழந்தைக்கு எதிரே அமருங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். பேசாமல் உங்கள் பங்கை உண்ணுங்கள். அது கேட்டால் விரல்நுனி அளவு கொடுங்கள். துப்பினால் சிரிக்காமல் தண்ணீர் கொடுங்கள். கேட்காமலே எழுந்து ஓடிவிட்டால் ஓடட்டும். அடுத்த வாரமும் சந்தைக்குப் பாகற்காய் வரும்.