கொரியா செல்லும் பிள்ளைகளும் வீசா எனும் உடன்படிக்கையும்

(ஜும்ஆவுக்குப் பின் குடும்பங்களுக்காக நடைபெற்ற வழிகாட்டல் அமர்வில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





எமது நிதியத்திடம் வட்டியில்லாக் கடன் கேட்டு வருவோரில் சிலர், "மகனைக் கொரியாவுக்கு அனுப்ப ஏஜென்டுக்குக் கட்ட வேண்டும்" என்கிறார்கள். உம்மாவின் நகை ஏற்கெனவே அடகில் இருக்கும். மீதிக்குத்தான் எம்மிடம் வருகிறார்கள். அந்தக் குடும்பங்களுக்காகவே இன்று பேசுகிறோம்.

தென் கொரியாவில் தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்ய நமது பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஈ-9 என்னும் வீசா. 2004ஆம் ஆண்டு கொரிய அரசு இத்திட்டத்தை ஆரம்பித்தபோது முதலில் சேர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அங்கே கொரிய மனிதவள அபிவிருத்திச் சேவை. நடுவில் தரகருக்கு இடமே இல்லை. ஈ-9 வீசா எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டால், தன்னிடம் இல்லாத பொருளை விற்கிறார் என்று பொருள்.

வழி என்ன? வயது 18 முதல் 39 வரை இருக்க வேண்டும். கொரிய மொழிப் பரீட்சையில் வாசித்தல், கேட்டல் இரண்டிலும் தேற வேண்டும். மருத்துவப் பரிசோதனை உண்டு. பிறகு பெயர் தொழில் தேடுவோர் பட்டியலில் சேரும். கொரியத் தொழில் வழங்குநர் ஒருவர் அந்தப் பட்டியலிலிருந்து தெரிவு செய்தால்தான் ஒப்பந்தம் வரும், அதன் பின்னரே வீசா. பரீட்சைப் பெறுபேறு 2 வருடங்களுக்கே செல்லும். ஆகவே பரீட்சையில் தேறியதும் இங்குள்ள வேலையை விட்டுவிடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள்.

சிலர் வேறு யோசனை சொல்வார்கள்: "விசிட் வீசாவில் போ, இறங்கியதும் வேலைக்குப் பாய்ந்துவிடு." சீ-3 என்னும் குறுகிய கால வீசாவில் அதிகபட்சம் 90 நாட்களே தங்கலாம். கூலி வேலைக்கு அதில் அனுமதி இல்லை. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவதோடு, மீண்டும் நுழையவும் தடை வரும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. வீசா என்பது நாம் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வாக்கு. முஸ்லிம் அல்லாத நாட்டுக்குக் கொடுத்த வாக்கும் வாக்குத்தான். மறைந்து வாழ்பவன் நோய் வந்தாலும் வெளியே சொல்ல அஞ்சுவான், சம்பளம் தராத முதலாளியிடமும் வாய் திறக்க மாட்டான். ஆனாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அப்படிச் சிக்கிக்கொண்டவர்களுக்கும் செய்த வேலைக்கான கூலியும் வேலை விபத்துக்கான நட்டஈடும் பெறும் உரிமை கொரியச் சட்டத்தில் உண்டு. உங்கள் பிள்ளை அந்த நிலையில் இருந்தால் ஒளித்து வைக்காமல் எம்மிடம் சொல்லுங்கள்.

முறையாகப் போகும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை சில. அங்கே போய்ச் சேர்ந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்து வதிவிட அட்டை பெற வேண்டும். வீடு மாறினால் 15 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கடவுச்சீட்டைக் கடனுக்கோ வேலைக்கோ பிணையாக வாங்கி வைப்பது அங்கே சட்டவிரோதம். யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தம் செய்த நிறுவனத்தைச் சொல்லாமல் விட்டு ஓடினால் வீசாவே பறிபோகும். சம்பளம் தராமை, துன்புறுத்தல் போன்றவை நடந்தால் தொழில் மையத்தில் விண்ணப்பித்து முறைப்படி வேறு இடம் மாறலாம். குடிவரவு விஷயங்களுக்கு 1345, சம்பளப் பிரச்சினைகளுக்கு 1350. இந்த இரண்டு எண்களையும் பிள்ளையும் வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காலம் 3 வருடங்கள். தொழில் வழங்குநர் விரும்பினால் மேலும் 1 வருடமும் 10 மாதங்களும் நீடிக்கும். இந்த வீசாவில் மனைவி, பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாது. ஆகவே திருமணமானவர்கள் மனைவியோடு மனம்விட்டுப் பேசி முடிவெடுங்கள். ஏறத்தாழ ஐந்து வருடப் பிரிவைத் தாங்கப்போவது அவர்களும்தான். ஒரு வருடத்துக்கு மேல் அதே இடத்தில் வேலை செய்தவருக்குப் புறப்படும்போது காப்புறுதிப் பணம் உண்டு. அதற்கு நாடு திரும்பும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இவற்றைக் கருத்திற்கொண்டு எமது நிதியம் ஒரு முடிவு எடுத்துள்ளது. தரகருக்குக் கொடுக்க இனி ஒரு சதமும் கடன் தரமாட்டோம். மக்கள் எம்மிடம் ஒப்படைத்த பணம் அமானிதம். மொழி வகுப்பு, பரீட்சைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு ஏழைக் குடும்பங்கள் எப்போதும் எம்மிடம் வரலாம். யாராவது ஒப்பந்தக் கடதாசியைக் கொடுத்தால், கையொப்பமிடும் முன், பணம் கட்டும் முன், எங்களிடம் கொண்டு வந்து காட்டுங்கள். சேர்ந்து வாசிப்போம், பணியகத்தில் விசாரிப்போம்.

ஹலாலான உழைப்பைத் தேடிச் செல்லும் நமது பிள்ளைகளின் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி, அவர்களை ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் குடும்பத்திடம் திருப்பிச் சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.